சாயம் போன சொல்

அன்புள்ள ஐயா,

தேர்வில் தோற்ற என் மகன் 'விரக்தியா இருக்கும்மா' என்றான். சமஸ்கிருதம் படித்த என் தோழியோ, விரக்தி என்றால் பற்றில்லாமை, நாம் தப்பாகப் பேசுகிறோம் என்கிறாள். எது சரி? பேசாமல் 'கையறுநிலை' என்று தமிழிலேயே சொல்லலாமே?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

தோழி சொல்வது சமஸ்கிருதத்துக்குச் சரி, உங்கள் மகன் சொன்னது தமிழுக்குச் சரி. கையறுநிலையை விட்டுவிடுங்கள். தகப்பன் செத்து, குன்றும் பறிபோன பிறகு பாரியின் மகள்கள் அழுத அழுகை அது (புறநானூறு 112). அதைக் கொண்டுவந்து மார்க் ஷீட்டின்மேல் ஒட்டாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை வாய்விட்டு அப்படிச் சொன்ன ராத்திரியில் நீங்கள் சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தீர்களா? அவன் சாப்பிட்டானா?

சரி, சொல்லுக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக எனக்கும் அதே நினைப்புதான். அதன் வேர் 'ரஞ்ச்'. சாயம் ஏறுவது, சிவப்பது, மனம் ஒன்றில் பற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். விரக்தம் என்றால் அந்தச் சாயம் போனது. கர்நாடகத்து வீரசைவர்களிடம் விரக்த மடங்கள் உண்டு. அங்கே விரக்தர் என்றால் துறவி, மரியாதைக்குரியவர். வைராக்கியமும் இதே வேர்தான், அதற்கும் முதலில் பற்றின்மை என்றே பொருள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தமிழுக்கு வந்த பிறகு ஒன்று ஓய்ந்து திண்ணையில் சாய்ந்துவிட்டது, இன்னொன்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றது. 'வைராக்கியமா இருந்து பிள்ளைகளைப் படிக்க வச்சா' என்கிறோமே, அதில் துறவு எங்கே இருக்கிறது?

இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்திருக்கிறேன். அப்பா நெசவாளி. வீட்டுக்குள்ளேயே குழித்தறி. ஒரு வருஷம் முதலாளி நெய்வதற்கான பாவு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காலையில் குளித்து, நீறு பூசி, வெறும் தறியின் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொள்வார். நூல் ஓட்டும் நாடாவை எடுத்து எண்ணெய்த் துணியால் துடைப்பார், திரும்ப வைப்பார். மத்தியானம் கூப்பிட்டால்தான் எழுந்து வருவார். "மனசு விட்டுப்போச்சு அந்த மனுசனுக்கு" என்று அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லி அழுதாள். எனக்கு அப்போது பதினாலு வயசு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களை வீட்டுக்குக் கூட்டிவரக் கூசினேன்.

பாவு மறுபடி வரவே இல்லை. அப்பா போன மறு வருஷம், குழியை மூடித் தரை போட ஆள் வந்தார்கள். நான் உள்ளே இறங்கி மிதிபலகையைக் கழற்றினேன். பலகை தேய்ந்து, பாதம் பட்ட இடம் பள்ளமாகியிருந்தது. அதில் கட்டியிருந்த கயிறு மட்டும் புதுசு.