அமெரிக்கால வீட்டு வாசல்ல மீன், டிராக்டர் ஷேப்புல தபால் பெட்டி ஏன்?

மெயில்பாக்ஸ்னா ரோட்டோரம் கம்பத்துல நிக்கற வீட்டு தபால் பெட்டி. கிராமத்துப் பக்கம் வீடு ரொம்ப உள்ள தள்ளி இருக்கும், தபால்காரர் வண்டிய விட்டு இறங்காமலே ஜன்னல் வழியா கைய நீட்டி போடணும், அதனால பெட்டியோட அடிப்பக்கம் ரோட்டுலேர்ந்து 41-45 இன்ச் உயரத்துல இருக்கணும்னு ரூல். 1915ல வந்த குகை வடிவ தகரப் பெட்டிதான் இன்னிக்கும் ஸ்டாண்டர்ட், பாக்க ஒரே போர். அளவு, கதவு சரியா இருந்தா மத்தது வீட்டுக்காரங்க இஷ்டம், ஃப்ளோரிடால மனாட்டிங்கற கடல்பசு பொம்மை ரெண்டு துடுப்பாலயும் பெட்டிய கட்டிப்பிடிச்சிட்டு நிக்கும், கொஞ்சம் ஓவர்தான் ஆனா அழகு. நம்ம லாரில மயில், தாமரைன்னு என்ன வரைஞ்சாலும் நம்பர் பிளேட் தெரியணும்ல, அதே கதை. சொந்தமா செஞ்சா மட்டும் லோக்கல் போஸ்ட்மாஸ்டர்கிட்ட காட்டி ஓகே வாங்கணும்.

பக்கத்துல சிவப்பு கொடி தூக்கியிருந்தா லெட்டர் வந்திருக்குன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது இங்க லெட்டர் இருக்கு எடுத்துட்டு போங்கன்னு தபால்காரருக்கு சொல்றது.