மின்கிட்டார் கிட்: பூச்சும் பொருத்தலும் – கேள்வி பதில்

கல்லடியில் என் வீட்டு விறாந்தையில்தான் கிட் கிட்டார்களை, அதாவது பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் கிட்டார்களை, பொருத்தி வருகிறேன். தச்சுவேலையும் மின்வேலையும் எனக்குத் தெரியும். வாசிப்புப் பயிற்சியை வேறொருவரிடம் கேளுங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: பெட்டி வந்துவிட்டது. நேராக வார்னிஷ் பூசலாமா அண்ணன்?

வேண்டாம் தம்பி. பூச்சில்லாமல் முதலில் முழுவதையும் பொருத்திப் பாருங்கள். இரு ஓரக் கம்பிகளையும் கட்டி, அவை கழுத்தின் விளிம்புகளிலிருந்து சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று கவனியுங்கள். 25.5 அங்குல அளவுக் கிட்டாரில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் சிறு பட்டை) 12ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) வரை 12.75 அங்குலம், அங்கிருந்து சேடில் (உடலில் கம்பி தங்கும் இடம்) வரை அதே தூரமோ அதைவிடச் சற்றுக் கூடவோ இருக்க வேண்டும். திருகாணிக்கு முதலில் துளையிட்டு, மரையில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டுத் திருகுங்கள். எல்லாம் சரியென்றால் கழற்றிவிட்டுப் பூச்சுக்குப் போகலாம்.

காத்தான்குடியிலிருந்து: சாயம் பூசினேன். நடுவில் வெளிறிய திட்டுகள் விழுந்துவிட்டன.

அது பசை. உடலின் பலகைகளை ஒட்டும்போது வழிந்த பசை மரத்தின் துவாரங்களை அடைத்துவிட்டால் சாயம் உள்ளே இறங்காது. சாயத்துக்கு முன் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தால், நனைந்த மரம் கறுக்கும். பசையுள்ள இடம் மட்டும் வெளிறியே நிற்கும். அந்த இடத்தை நம் தச்சர்கள் செய்வதுபோல் கண்ணாடித் துண்டால் மெதுவாகச் சுரண்டி, 180, பிறகு 220 இலக்க சாண்ட் பேப்பரால் மர நரம்பின் வழியே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல், சாயம் ஏறியதும் கறுத்த கோடாகத் தெரியும். இன்னொன்று: ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலையில்போல் உருண்டு நின்றால் ஆலையிலேயே மரத் துவாரங்களை அடைக்கும் சீலர் பூசியிருக்கிறார்கள். அதை முழுவதும் தேய்த்தெடுக்காமல் சாயம் பிடிக்காது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: டிசம்பரில் லாக்கர் அடித்தேன், பால்போல் வெளுத்துவிட்டது.

என் முதல் கிட்டாருக்கும் இதுவே நடந்தது. லாக்கரில் கலந்த தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழை பெய்யும் நம் கரையில், வாவியோரம் இருப்பவர்கள் அப்போது லாக்கரைத் தொடவே கூடாது. சுரண்டிவிடாதீர்கள். வெயில் காலம் வந்ததும், மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரைப் பனிபோல் மெல்லியதாக அடியுங்கள். பூச்சு மீண்டும் இளகி ஈரம் வெளியேறும். கச்சான் வீசும் மாதங்களில், தூசி அடங்கிய காலை வேளை இதற்கு நல்லது.

வாழைச்சேனையிலிருந்து: மழைக்காலத்தில் லாக்கர் அடிக்கலாமா?

மேலே இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து: உடலை முதிரையில் செய்தால் ஒலி கனமாக வருமா?

தோளில்தான் கனம் வரும். மின்கிட்டாரில், கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பின் காந்தமும் சுருளும் உணர்வது எஃகுக் கம்பியின் அசைவைத்தான். தேக்கு எடை குறைந்தது. ஆனால் எண்ணெய்ப் பசையுள்ளது, பூச்சுக்கு முன் தின்னரால் துடைக்க வேண்டும்.

செங்கலடியிலிருந்து: மறுக்கிறேன். மரம்தான் கிட்டாரின் உயிர்.

ஒலிப்பெட்டியுள்ள கிட்டாரில் உங்கள் பக்கம்தான் நானும். அங்கே முன்பலகை அதிர்ந்துதான் காற்றை அசைக்கிறது. கெட்டி உடல் கிட்டார் வேறு. ஒரே பிக்கப்புகளையும் கழுத்தையும் பிரிட்ஜையும் (சேடில்களைத் தாங்கும் உலோகப் பாகம்) இலேசான உடலிலிருந்து பாரமான உடலுக்கு மாற்றி, கண்ணை மூடிக் கேட்டேன். எது எது என்று எனக்குச் சொல்ல முடியவில்லை. பிக்கப்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தியபோது உடனே தெரிந்தது. மரத்துக்குச் செலவிடும் பணத்தை நல்ல பிக்கப்புக்கும் நட்டுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

மறுபடியும் செங்கலடி: உங்கள் காது பழகாதது.

இருக்கலாம். நீங்களும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு எழுதுங்கள், தொடரலாம்.

ஓட்டமாவடியிலிருந்து: ஒரே இரைச்சல். கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, வயர் செருகும் ஜாக்கைத் தொட்டால் குறைகிறது.

பிரிட்ஜின் எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. அதன் உரித்த முனை பிரிட்ஜின் உலோகத்தோடு நசுங்கி நிற்க வேண்டும். மறுமுனையை வால்யூம் பொட்டின் (ஒலியளவுத் திருகியின்) முதுகில் ஈயம் வைத்துப் பற்றுங்கள்.

கல்முனையிலிருந்து: ஆளிவிதை எண்ணெய் பூசலாமா?

பூசலாம். துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

திருக்கோவிலிலிருந்து: பூச்சு முடிந்தது. கழுத்து, உடலில் அதற்கென வெட்டிய குழிக்குள் இறங்கவில்லை. தட்டி இறக்கவா?

தட்டாதீர்கள், விளிம்பு வெடிக்கும். குழிக்குள்ளும் பூச்சு ஏறியிருக்கிறது. டேப் ஒட்டி மறைத்திருக்க வேண்டிய இடம் அது. சாண்ட் பேப்பரை ஒரு தட்டையான குச்சியில் சுற்றி, சுவரில் உள்ள பூச்சை மட்டும் தேய்த்தெடுத்து, இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை கழுத்தை வைத்துப் பாருங்கள். கையால் அழுத்த இறங்கினால் போதும்.