நாற்காலியை உள்ளே போடுங்கள்

கேள்வி: எனக்கு 42 வயது, வேலைக்குப் போகிறேன். மாமனார் காலமான பிறகு, இரண்டு வருடமாக மாமியார் (76) எங்களோடு இருக்கிறார். அவர் போடும் மாவடு உறவுக்குள் பிரசித்தம். அதையும் மற்ற பக்குவங்களையும் எழுதி வைத்துக்கொள்ள ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஹாலில் உட்கார வைத்து, நோட்டும் செல்போனுமாகக் கேட்கிறேன். (ஒருமுறை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து பாத்திரத்தைக் கருக்கிவிட்டார். அதிலிருந்து அவரைச் சமையலறைப் பக்கம் விடுவதில்லை. சமையலுக்கு ஓர் அம்மா வருகிறார்.) எத்தனை கிராம் உப்பு என்றால், "படிக்கு ஆழாக்கு, பார்த்தா தெரியும்" என்கிறார். போன வருடம் மூன்று கிலோ வடு வாங்கி, அவர் சொன்னபடி ஒரு ஆழாக்கு உப்பு போட்டேன். பத்தே நாளில் பூசணம். "அம்மா போடற மாதிரி இல்லையே" என்று கணவர் வேறு. நாத்தனார் போட்டால் மட்டும் நன்றாக வருகிறது. என்னிடம் எதையோ மறைக்கிறாரோ? அவரை எப்படிச் சொல்ல வைப்பது?
– ஒரு வாசகி, சென்னை-91

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. பருப்புப் பொடி, மீன் குழம்பு, கோலா உருண்டை என்று பண்டம்தான் மாறும். "அளவு சொல்ல மாட்டேன் என்கிறார்" என்ற வரி மாறுவதே இல்லை. பொறுமையாகக் கேளுங்கள் என்று நாலு வரி எழுதிவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரித்திருப்பேன். அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் மூன்று வாக்கியம் எழுதினீர்களே, அது என்னை விடவில்லை.

அதற்கு முன்னால் மறைக்கிறார் என்ற புகாரை முடித்துவிடுவோம். உங்கள் மாமியார் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு படி என்பது 8 ஆழாக்கு. படிக்கு ஆழாக்கு என்றால் எட்டுப் பங்கு வடுவுக்கு ஒரு பங்கு உப்பு. ஊருக்கு ஊர் படி மாறும், பட்டணம் படி பெரிசு. ஆனால் எட்டுக்கு ஒன்று என்பது எந்தப் படிக்கும் பொருந்தும். வீட்டில் படி இல்லையா, ஒரு டம்ளரை எடுத்து எட்டு டம்ளர் வடு அளந்து, அதே டம்ளரால் ஒரு டம்ளர் கல் உப்பு. இதைவிடத் துல்லியமாக யார் சொல்ல முடியும்? நீங்கள் வடுவைக் கிலோவில் வாங்கி, உப்பை ஆழாக்கில் போட்டீர்கள். மூன்று கிலோ வடு ஒரு படியில் அடங்குமா? அவர் சொன்னதில் 'படிக்கு' உங்கள் காதில் ஏறவில்லை. உப்புக் குறைந்தால் பூசணம் வராமல் என்ன வரும்?

சரி, தப்பு யாருக்கும் நேரும். அந்த உப்பை நீங்கள் போட்டபோது அவர் எங்கே இருந்தார்? ஹாலில். பத்தடி தூரத்தில். உள்ளே நின்றிருந்தால் உப்பைப் பார்த்ததுமே "என்னடி இது, தூவி விட்டிருக்கே" என்று கேட்டிருப்பார். மூன்றாம் நாள் ஜாடியில் விட்டிருக்கும் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்திருப்பார். 'பார்த்தா தெரியும்' என்று அவர் சொல்வது இதைத்தான். பார்க்க விடாமல் ஹால் நாற்காலியில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே செல்போனை நீட்டிக் கிராம் கேட்டால் அவர் என்ன சொல்வார், பாவம்!

ஒரு பால் பாத்திரம். அதற்கு இந்தத் தண்டனை. அந்தக் கணக்குப்படி என்னை என் வீட்டார் எப்போதோ வெளியே நிறுத்தியிருக்க வேண்டும். போன வாரம்கூடக் கருகிய பாத்திரத்தைப் புளி போட்டு ஊற வைத்து, சாயங்காலம் வரை தேய்த்தேன். நீங்கள் ஆபீசில் ஒரு ஃபைலைத் தொலைத்தால் உங்களை வாசலில் உட்கார வைத்து, மற்றவர்களுக்கு வேலையை வாயால் சொல்லிக்கொடு என்றால் இருப்பீர்களா?

பயம் உண்மையானால் அதற்கு வழி இருக்கிறது. அவர் தனியாக இருக்கும் நேரத்தில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள். நேரம் வைத்தால் தானே அணைந்துவிடும் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று வாங்குங்கள். மறதி அடிக்கடி வருகிறதென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024-இல் திறந்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஆளையே வெளியேற்றுவது என்ன நியாயம்? பேரன் பெயரை மாற்றிக் கூப்பிடுகிற பாட்டிகளின் கை, கோலப்புள்ளியைத் தப்பாமல் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களை வைத்துக்கொள்வது என்றால் மூன்று வேளைச் சோறும் பி.பி. மாத்திரையும் மட்டுமில்லை என்பது என் கட்சி. அவர் இல்லாவிட்டால் நடக்காது என்று ஒரு காரியமாவது அந்த வீட்டில் இருக்க வேண்டும். நீங்கள் அவருடைய காரியத்தையும் பிடுங்கிக்கொண்டு, அதன் குறிப்பையும் கேட்கிறீர்கள். நாத்தனாருக்குத் தனியாக ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார். அந்தப் பெண் பாவாடை கட்டிய காலத்திலிருந்து பக்கத்தில் நின்று ஜாடியைக் குலுக்கியிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது மாசி முடியப் போகிறது, வடு வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் அவரை மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்கு அழைத்துப் போங்கள். அவர் பொறுக்கட்டும். உருண்டையா நீளமா, காம்பு எவ்வளவு இருக்க வேண்டும், எதை ஒதுக்குகிறார் என்று பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். வீட்டுக்கு வந்து கழுவித் துணியில் பரப்பி, ஈரம் போனதும் விளக்கெண்ணெய் தடவுகிற வேலையை உங்கள் பிள்ளைகளிடம் விடுங்கள். பரீட்சை இருந்தாலும் அரை மணி நேரத்தில் மார்க் ஒன்றும் ஓடிப்போகாது. ஹாலில் கிடக்கும் அந்த நாற்காலியைச் சமையலறை மேடைக்குப் பக்கத்தில் போட்டு அவரை உட்கார வையுங்கள். உப்பு ஜாடியைத் தராசின் மேல் வைத்து அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்துங்கள். அவர் அள்ளிப் போடட்டும். எவ்வளவு குறைந்தது என்று அப்புறம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; நிறுத்துப் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பிறகு காலையும் மாலையும் குலுக்குவது. நாலைந்து நாளில் வடு சுருங்கித் தண்ணீர் விடும். கடுகு, மிளகாய் வற்றல், மஞ்சளை அந்த உப்புத் தண்ணீரையே விட்டு அரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் பட்டால் போச்சு. சமையலுக்கு வரும் அம்மாவும் கூட நிற்கட்டும், கற்றுக்கொள்ளட்டும். உங்கள் வீட்டில் ஆர்வமாகக் கேட்கப்போகிற முதல் ஆள் அவராகவே இருக்கலாம்.

பீங்கான் ஜாடியை வெள்ளிக்கிழமையே வெயிலில் காய வைத்துவிடுங்கள். நிறைந்த ஜாடி கனக்கும், இரண்டு வேளையும் தூக்கிக் குலுக்க உங்களால் ஆகாது. அம்மா போடற மாதிரி இல்லையே என்றாரே உங்கள் கணவர், அவரைக் கூப்பிடுங்கள்.