“எழுதட்டுமா டீச்சர்?” – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு, ஒரே அறைதான். காலையில் நன்றாகத்தான் இருக்கிறேன். மூன்று மணிக்கு மேல் ஒரு பிள்ளை வந்து, “டீச்சர், இந்தப் பக்கத்துலயே எழுதட்டுமா, அடுத்த பக்கமா?” என்று கேட்டால் எரிந்து விழுகிறேன். அந்த முகம் ராத்திரி வரை கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டுக்குப் போனால், “தோசையா, உப்புமாவா?” என்று அவர் கேட்பதற்குக்கூடப் பதில் வருவதில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டதா? பெயர் போட வேண்டாம்.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

பொறுமை எங்கும் போகவில்லை. உங்களை நோக்கி வரும் கேள்விகள்தான் அளவு மீறிவிட்டன. பிலிப் ஜாக்சன் என்ற கல்வியாளர் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்து 1968-ல் எழுதினார். ஓர் ஆசிரியர் ஒரு நாளில் ஆயிரம் முறை வரை பிள்ளைகளோடு பேச்சுக் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கணக்கு. உங்களுக்கோ இரண்டு வகுப்பு. நடுவில் பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, சத்துணவுக்குத் தலை எண்ணுவது, வாசலில் வந்து நிற்கும் பெற்றோர்.

மன உறுதி என்பது செலவழிந்து தீரும் சரக்கு என்று 1998-ல் ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்ந்தவர்களும் சொன்னார்கள். 2016-ல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து அதைச் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறையத் தென்படவே இல்லை. விவாதம் அறிஞர்களிடம் இருக்கட்டும். மூன்று மணிக்கு நீங்கள் படும் அலுப்பு நிஜம். மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். கேள்விகளைக் குறைப்பதுதான் வழி.

எந்தப் பக்கம், எந்தப் பேனா, தண்ணீர் குடிக்கப் போகலாமா, பென்சில் இல்லை என்பதற்கெல்லாம் உங்கள் மூளை தேவையில்லை. இரண்டு நாள் வராத பிள்ளை இன்று வந்து ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதற்குத்தான் தேவை. நம் தாமிரபரணிப் பாசனத்தில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். எந்த வயலுக்கு எப்போது என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால், நடுச்சாமத்தில் மண்வெட்டியோடு வரப்பில் நின்று யாரும் வாதாட வேண்டியதில்லை. வகுப்புக்கும் அப்படி முறை வைத்துவிடலாம். பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி வையுங்கள். தாங்களே சேர்ந்து போட்ட முறையை அவர்கள் சுலபத்தில் மீற மாட்டார்கள்.

களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். கதவோரம் ஆணியில் கயிறு கட்டிய சிரட்டை ஒன்று தொங்கியது. வெளியே போகிற பிள்ளை அதை எடுத்துக்கொண்டு போகிறது, திரும்பி வந்து மாட்டுகிறது. ஆணி காலியாக இருந்தால் அடுத்த பிள்ளை காத்திருக்கும். கதை நடக்கும்போதே நாலைந்து பேர் போய் வந்தார்கள், ஒருவர்கூட டீச்சரிடம் கேட்கவில்லை. (அவசரம் என்றால் சிரட்டைக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதையும் முறையிலேயே சேர்த்துவிடுங்கள். பெண்பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்வார்கள்.) ஜன்னல் திட்டில் ஒரு டப்பா நிறையத் துண்டுப் பென்சில். பக்கத்திலேயே இன்னொரு டப்பாவில் ஐஸ் குச்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். டீச்சர் கேள்வியைக் கேட்டார், கொஞ்சம் நிறுத்தினார், அப்புறம்தான் குச்சியை உருவினார். அந்த நிறுத்தத்துக்கு நல்ல பலன் உண்டு. மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்புகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் பொறுத்தார்கள். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

குச்சியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. அலுத்துப்போன மனம் பழகிய பெயரையே கூப்பிடும். கரும்பலகைக்கு முன்வரிசைப் பிள்ளை, குப்பை அள்ள இன்னொரு பிள்ளை. நம் சீமையில் அந்த இன்னொரு பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே சாதியின் பேரால் வெட்டினார்கள். அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் தந்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறது. இருக்கை, கரும்பலகை துடைப்பது, நோட்டு அடுக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாவற்றையும் அந்த வரிசையிலேயே வாரம் ஒருவராகச் சுற்றவிடுங்கள். யார், யார் என்று தினமும் யோசிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம். வேலையில் மேல் கீழ் என்று ஒரு பிள்ளையின் மனதிலும் பதியாது.

பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான். ஆண்ட்ரூ பெல் சென்னையில் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்து, 1797-ல் அதைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தில் அது மெட்ராஸ் முறை என்றே பரவியது. ஆனால் பேசியவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் அதிகாரத்தை மட்டும் லீடருக்குக் கொடுத்துவிடாதீர்கள். எழுதியது நியாயமா என்ற பஞ்சாயத்து உங்களிடமே திரும்பி வரும்.

பஞ்சாயத்து என்றதும் ஞாபகம் வருகிறது. மத்தியானத்துக்கு மேல் வரும் சண்டைகளில் அடிபட்டிருந்தால், ஒரு பிள்ளை பயந்திருந்தால் உடனே பாருங்கள். மற்றதை மறுநாள் காலைக்குத் தள்ளிவைப்பது என்று ஒரு முறை வையுங்கள். காலைக்குள் பாதி மறந்துபோயிருக்கும், மீதியைத் தெளிந்த மனதோடு கேட்கலாம். தோசையா, உப்புமாவா என்பதை உங்கள் வீட்டுக்காரரே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு எழுதி ஒட்டட்டும். இந்தப் பதிலை அவருக்கும் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முறை வைத்துவிட முடியாது. எந்தப் பிள்ளையிடம் இன்று கறாராக இருப்பது, யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதை எந்தக் கைப்புத்தகமும் சொல்லாது. அது உங்கள் வேலை, அதற்காகத்தான் இத்தனை மிச்சம் பிடிப்பதும்.

முதலில் பென்சில் டப்பா ஒன்றை மட்டும் வையுங்கள். அது பழகியபின் சிரட்டை, அப்புறம் குச்சி. அடுத்த அறை ஆசிரியரிடமும் பேசிவிடுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அதே முறை இருந்தால் நாலாம் வகுப்பில் புதிதாகப் பழக்க வேண்டாம். அப்புறம், ஐப்பசி கார்த்திகை மழையில் பாதிப் பிள்ளைகள்தான் வருவார்கள். புதுப்பாடமா, பழையதா, இரண்டு வகுப்பையும் சேர்ப்பதா என்று அன்றைக்குக் காலையில் நின்று யோசிக்காதீர்கள். கதைப் புத்தகங்கள், வாய்பாட்டு அட்டைகள், வரையத் தாள்கள் எல்லாம் சேர்த்து மழைநாளுக்கென்று ஒரு கட்டு கட்டி இப்போதே அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி