ராத்திரியானால் பிரிட்ஜ் பக்கம்

கேள்வி: பகலெல்லாம் டயட். ராத்திரி எல்லோரும் தூங்கியதும் பிஸ்கட், மிச்சச் சோறு என்று வயிறு வலிக்கும்வரை தின்கிறேன். விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன். வாயைக் கட்டத் தெரியாதவளா நான்?
- வாசகி, மதுரை

பதில்: அப்படியெல்லாம் இல்லை. பசியில்லாமலே, வேகவேகமாக, ஒளிந்து சாப்பிட்டுவிட்டு அப்புறம் கூனிக்குறுகுவது வாரம் ஒரு தடவையாவது மூன்று மாதம் நீடித்தால் அது 'பிஞ்ச் ஈட்டிங்', அதாவது கட்டுக்கடங்காமல் அளவுமீறித் தின்னும் கோளாறாக இருக்கலாம்; அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-லேயே இதைத் தனி நோயாகச் சேர்த்துவிட்டது. மறுநாள் வேலையில் மனசு ஒட்டாது, காலி பாக்கெட்டை ஒளிக்கச் சொல்லும், விருந்தென்றால் சாக்குத் தேடச் சொல்லும். ராத்திரி தின்றதற்குத் தண்டனையாகக் காலை இட்லியை விடுகிறீர்கள் பாருங்கள், அதுதான் அடுத்த ராத்திரிக்கு வழி போடுகிறது. மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள், பேசியே சரிசெய்யும் சிகிச்சை இருக்கிறது. 'கொஞ்சம் குறைச்சுக்கோ' என்னும் சொந்தக்காரர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.