எந்தச் சொல்லை விடலாம், எதை விடக்கூடாது? ஆங்கில இலக்கணம்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டீச்சர். தமிழில் "வந்தேன்" என்றாலே போதும். ஆங்கிலத்தில் மட்டும் "ஐ" ஏன் கட்டாயம்?

பதில்: "வந்தேன்" என்பதில் "ஏன்" விகுதி இருக்கிறதே! வந்தது நான்தான் என்று அதுவே சொல்லிவிடும். தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அது "ஐ கேம்". அந்த "கேம்" என்பதற்கு அப்படி விகுதி ஏதும் கிடையாது. நானோ நீயோ அவர்களோ, யார் வந்தாலும் அதே "கேம்"தான். எழுவாயை விட்டால் ஆளே தெரியாது. "கம் ஹியர்" என்று கூப்பிடும்போது எதிரில் நிற்பவர்தான் "யூ" என்பது தெரிகிறது, அதனால் அங்கே விடுகிறோம். ஆனால் "இட் இஸ் ரெய்னிங்" என்பதில் "இட்" எதையும் குறிக்கவில்லை, இருந்தும் விட முடியாது. எழுவாயின் இடம் காலியாக இருப்பதை ஆங்கிலம் ஏற்பதில்லை.

கேள்வி: "டூ யூ லைக் காபி?" என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். "யெஸ், ஐ லைக்" என்றேன். தப்பா?

பதில்: தப்புதான் தம்பி, ஆனால் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. "காபி பிடிக்குமா?" என்றால் நாம் "பிடிக்கும்" என்போம். தமிழில் கேள்வியின் வினையே பதிலாகத் திரும்பி வரும். ஆங்கிலத்தில் திரும்பி வருவது துணைவினை: "யெஸ், ஐ டூ". "லைக்" சொல்லியே ஆக வேண்டும் என்றால் "ஐ லைக் இட்" என்று சொல்லுங்கள். "வான்ட்", "என்ஜாய்" இரண்டுக்கும் இதே கதைதான்.

கேள்வி: "தட்", "ஹூ" இதையெல்லாம் எப்போது விடலாம் மேடம்?

பதில்: "ஐ திங்க் ஹீ இஸ் பிஸி" என்பதில் "தட்" இல்லாமலே சரி. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் விடாதீர்கள். "தட் ஷீ லெஃப்ட் இஸ் ட்ரூ" என்பதில் அதை எடுத்துவிட்டால் "ஷீ லெஃப்ட்" என்றதுமே வாக்கியம் முடிந்தது போலாகிவிடும்.

"ஹூ" இருக்கும் இடத்தில் அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். "த மேன் ஹூ ஐ மெட்" என்பதில் அடுத்து "ஐ" என்ற வேறு எழுவாய் வருகிறது, அதனால் விடலாம். "த மேன் ஹூ கால்ட் மீ இஸ் ஹியர்" என்பதில் "ஹூ"வே எழுவாய். விட்டால் "அந்த ஆள் என்னைக் கூப்பிட்டார்" என்று படித்து முடித்த பிறகு "இஸ் ஹியர்" வந்து முட்டும்.

இலக்கணம் அனுமதித்தாலும் படிப்பவர் தடுக்கி விழும் இடம் உண்டு. "த ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல்" என்பது 1970இல் மொழி உளவியலாளர் தாமஸ் பெவர் காட்டிய எடுத்துக்காட்டு. "ஹார்ஸ்"ஸுக்குப் பின்னால் "தட் வாஸ்" மறைந்திருக்கிறது. களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பது பொருள். மூன்று முறை படித்தால்தான் பிடிபடும். இப்படி இருந்தால் தயங்காமல் அந்த இரண்டு சொல்லையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: "ஐ லவ் ஹர் மோர் தேன் யூ" என்று தோழிக்கு எழுதினேன், கோபித்துக்கொண்டாள்.

பதில்: "உன்னைவிட நான் அவளை அதிகம் நேசிக்கிறேன்" என்று அவர் படித்திருப்பார். "நீ நேசிப்பதைவிட நான் அதிகம் நேசிக்கிறேன்" என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், கடைசியில் "டூ" சேர்த்து "தேன் யூ டூ" என்று எழுதுங்கள். ஒரே சொல், சண்டை தீர்ந்துவிடும்.

கேள்வி: பேப்பரில் "டூ கில்ட் இன் பஸ் ஆக்சிடென்ட்" என்று போடுகிறார்கள். இரண்டு பேர் கொன்றார்களா?

பதில்: இல்லை, கொல்லப்பட்டார்கள். "வேர்" மறைந்திருக்கிறது, "பஸ்"ஸுக்கு முன்னால் "எ"யும் மறைந்திருக்கிறது. தலைப்பில் இடம் குறைவு. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று வந்த தந்தியைப் பார்த்து நம் வீடுகளில் எத்தனை பேர் ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறியிருப்பார்கள்! இந்தியாவில் 2013 ஜூலையோடு தந்தி நின்றது. அந்தச் சுருக்கம் இப்போது வாட்ஸ்அப்பில் தொடர்கிறது. "வில் கால் டுமாரோ" என்று நண்பருக்கு அனுப்பலாம், வேலை விண்ணப்பத்தில் "ஐ"யை விடாதீர்கள்.