பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாறும்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கடையில் பல வருடமாக ஓடிய டெஸ்க்டாப்புக்குப் பதிலாகப் புது லேப்டாப் வாங்கியாயிற்று. பழையதில் வின்டோஸ் 10, டேலி கணக்கு, அப்பா தமிழில் டைப் செய்து வைத்த கடிதங்கள், நோட்டீஸ்கள் எல்லாம் இருக்கின்றன. லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் என்ன செய்வது? எல்லாவற்றையும் அப்படியே காப்பி செய்தால் போதுமா?

பதில்:

லேப்டாப் இன்னும் இரண்டு நாள் பெட்டியிலேயே இருக்கட்டும். முதல் வேலை முழுக்கப் பழைய மெஷினில்தான்.

சின்ன ஆபீஸ்களுக்கும் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுப்பது என் தொழில். ஃபைல்களை நகலெடுப்பது இதில் சுலபமான பாதி. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று இருந்தால் வீட்டுப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். சிக்கல் எல்லாம், பழைய மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே செய்ய முடிகிற வேலைகளில் இருக்கிறது. அவற்றை முடிக்காமல் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு வந்து நிற்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரும்பாலும் பதில் இருக்காது.

டேலியில் தொடங்குவோம். கணக்கு வேறு, லைசென்ஸ் வேறு. கணக்கு இருப்பது வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களில். எந்த டிரைவில் என்று தேடி அலைய வேண்டாம், கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே பாதை தெரியும். அந்த டேட்டா ஃபோல்டரை முழுதாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அது முடிந்தபின் லைசென்ஸை இதே பழைய மெஷினிலிருந்து 'சரண்டர்' செய்யுங்கள், அதாவது திருப்பி ஒப்படையுங்கள். அப்போதுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வழி பிறக்கும். அதற்கு லைசென்ஸ் வாங்கியபோது கொடுத்த மெயில் முகவரி தேவைப்படும். பல கடைகளில் அது வேலையை விட்டுப் போன கணக்கப்பிள்ளையின் மெயிலாக இருக்கும். இதை இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது. பழையது டேலியின் முந்தைய பதிப்பான ஈஆர்பி 9 ஆக இருந்து புதியதில் டேலி பிரைம் போடப் போகிறீர்கள் என்றால், அது கணக்கைப் புது வடிவத்துக்கு மாற்றிவிடும். மாற்றிய கணக்கைப் பழைய பதிப்பு திறக்காது. அதனால் மாற்றாத நகல் ஒன்று எப்போதும் தனியாக இருக்க வேண்டும்.

அடுத்து அப்பாவின் தமிழ் ஃபைல்கள். என்னைக் கேட்டால், உங்கள் மெஷினில் இதைவிட விலை மதிப்பானது வேறில்லை. டேலி கணக்கு ஆடிட்டரிடமும் ஒரு நகல் இருக்கும், இது வேறெங்கும் இருக்காது. எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அவர் டைப் செய்திருந்தால் கவலையே இல்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் செய்திருந்தால், ஃபைலுக்குள் இருப்பது தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வரும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே பழைய மெஷினில் வின்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, தமிழ் எழுத்துருக்களை ஒன்று விடாமல் எடுத்து வையுங்கள். பெயர் புரியாததையும் சேர்த்தே எடுங்கள், இடம் ஒன்றும் பிடிக்காது. புதியதில் அவற்றை நிறுவும்போது வலது கிளிக்கில் 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று பொருள்படும் தேர்வைக் கொடுங்கள். சும்மா நிறுவினால் உங்கள் கணக்குக்கு மட்டும் போய் உட்காரும், பழைய மென்பொருள்கள் சில அதைக் கண்டுகொள்ளாது.

அதோடு இன்னொன்று. முக்கியமான கடிதங்களைப் பழைய மெஷினிலேயே திறந்து, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டருக்குப் பதில் பிடிஎஃப்-ஐத் தேர்ந்தெடுங்கள். வின்டோஸ் 10-லேயே அந்த வசதி உண்டு. எழுத்துருவும் பிடிஎஃப்-உக்குள் சேர்ந்துவிடுவதால் எந்த மெஷினிலும், போனிலும் தமிழாகவே தெரியும். அதிலிருந்து வரிகளை நகலெடுத்தால் மறுபடி ஆங்கில எழுத்துதான் வரும், அதனால் மூல ஃபைலையும் தூக்கிப் போடாதீர்கள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த நோட்டீஸ்களுக்கு இது இன்னும் அவசியம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. புது லேப்டாப்பில் அதை ஓட வைக்க மல்லுக்கட்டுவதைவிட, பழையதில் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கிக்கொள்வது மேல். லதா எழுத்துருவில் அடித்த யூனிகோட் ஃபைல்கள் மட்டும் புதியதில் கொஞ்சம் முகம் மாறித் தெரியலாம். லதாவும் விஜயாவும் இப்போது வின்டோஸோடு தானாக வருவதில்லை, செட்டிங்ஸில் விருப்ப வசதிகள் பகுதிக்குப் போய்த் தமிழ் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் பழைய தோற்றம் திரும்பிவிடும்.

அப்பா தொடர்ந்து டைப் செய்வார் என்றால் அவருக்குப் பழகிய விசைப்பலகை எது என்று இப்போதே கேட்டு வையுங்கள். தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் வின்டோஸ் 11-லேயே உண்டு. பழைய தட்டச்சு முறையில் விரல் பழகியவர் என்றால் என்எச்எம் ரைட்டர் போன்ற ஒன்றைப் போட வேண்டும். இந்த வயதில் புது முறை கற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள், பாவம்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு, குரோம் ஃபோல்டரை அப்படியே தூக்கி வைத்தால் எல்லாம் வந்துவிடும் என்று. புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. அந்த மெஷினின் வின்டோஸ் கணக்கோடு பூட்டு போட்டுத்தான் அது சேமிக்கப்படுகிறது. கூகுள் கணக்கில் சிங்க் செய்யுங்கள், இல்லையென்றால் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட் ஆகும் ஃபைலை யார் திறந்தாலும் படிக்கலாம் என்பதால் புதியதில் ஏற்றியவுடன் அழித்துவிடுங்கள். அவுட்லுக்கில் கடை மெயில் வருகிறதா? அது பாப் முறையில், அதாவது மெயிலை மெஷினுக்கு இறக்கிக்கொள்ளும் முறையில், போட்டதாக இருந்தால் பழைய மெயில்கள் சர்வரில் இல்லாமல் உங்கள் மெஷினில் மட்டும் இருக்கக்கூடும். பிஎஸ்டி என்று முடியும் ஃபைலைத் தேடி எடுங்கள்.

ஜிஎஸ்டிக்கு பென் டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் பயம் வேண்டாம். சான்றிதழ் டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, புதியதில் டிரைவரும் கையொப்ப மென்பொருளும் போட்டால் சரி. வாட்ஸ்அப்புக்கு மறுபடி ஒரு முறை ஸ்கேன்.

இப்போது காப்பிக்கு வருவோம். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் எடுங்கள், டி டிரைவையும் எடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை எடுக்காதீர்கள். மென்பொருளின் பாதி வேர் ரெஜிஸ்ட்ரி என்ற வின்டோஸின் உள் பதிவேட்டில் இருக்கிறது, ஃபோல்டரைத் தூக்கி வைத்தால் ஓடாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். கிராக் செய்த மென்பொருள் ஏதாவது பழையதில் ஓடிக்கொண்டிருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், புது லேப்டாப்பில் முதல் நாளே வைரஸ் ஏறுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பொறி இருக்கிறது. அது டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். பயனர் ஃபோல்டரில் வழக்கமான இடத்தில் பார்த்தால் காலியாகத் தெரியும். ஃபைல் பக்கத்தில் சின்ன மேகக் குறி இருந்தால் அது மெஷினில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதையெல்லாம் முதலில் இந்த மெஷினிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி இறக்கிவிட்டு, பிறகு காப்பி போடுங்கள். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ் திறந்து ஃபைல் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பென் டிரைவில் பெரிய வீடியோ ஏறவில்லை என்றால் அது ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கும், ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் ஏற்காது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் ஏறிவிடும்.

இதெல்லாம் முடிந்தபின் லேப்டாப்பைத் திறக்கலாம். வின்டோஸ் 11 ஹோம் முதல் முறை செட் செய்யும்போதே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். உங்கள் சொந்த மெயிலைக் கொடுங்கள். கடையிலேயே "செட் பண்ணித் தர்றோம் சார்" என்று அவர்கள் மெயிலைப் போட்டுக் கொடுத்துவிடுவது சகஜம். லேப்டாப்போடு வந்த ஆபீஸும் அந்த மெயிலுக்கே போய்ச் சேர்ந்துவிடும், பிறகு பிடுங்குவது பெரும்பாடு. அப்புறம், பயனர் ஃபோல்டருக்கு உங்கள் மெயிலின் முதல் ஐந்து எழுத்தை வெட்டி வின்டோஸே ஒரு விநோதப் பெயர் வைக்கும். அதை மாற்றப் போகாதீர்கள், அசிங்கமாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

மெயில் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இப்போது வரும் லேப்டாப்புகளில் டிஸ்க் பெரும்பாலும் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. நாளைக்கு போர்டு பழுதாகியோ அப்டேட் சொதப்பியோ நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால், அது இருப்பது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான். எண் இல்லையென்றால் ஃபைல்களை மறந்துவிட வேண்டியதுதான், எந்த சர்வீஸ்காரராலும் முடியாது. முதல் நாளே கணக்கில் நுழைந்து அந்த எண்ணைப் பார்த்து, அச்செடுத்து, வண்டி ஆர்சி புக் வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள்.

டி டிரைவ் இல்லையே என்று பதற வேண்டாம். வேண்டுமென்றால் சி-யைச் சுருக்கிப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஒரே எஸ்எஸ்டி என்பதால் பாதுகாப்பு ஒன்றும் கூடாது. அந்த நேரத்தில் ஒரு வெளி டிஸ்கில் வாரம் ஒரு முறை டேலி டேட்டாவை எடுத்து வைத்தால் பத்து மடங்கு பயன்.

பழைய மெஷினை உடனே விற்காதீர்கள். வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் இணைய வயரைக் கழற்றிவிட்டு ஓரமாக வையுங்கள். பிரிண்டருக்குப் புதியதில் டிரைவர் கிடைக்காத நாளில், மறந்துபோன ஒரு ஃபைலைத் தேடும் நாளில் அது கைகொடுக்கும். ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்னும், ஒரு மாதச் சம்பளமும், ஒரு தமிழ் நோட்டீஸும் புதியதிலிருந்தே முடிந்துவிட்டால் பழையது இனித் தேவையில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

விற்கும்போது டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுங்கள், பழைய டெஸ்க்டாப்புக்கு டிஸ்க் இல்லாததால் பெரிதாக விலை குறையாது. டிஸ்கோடுதான் வேண்டும் என்று கேட்டால் வின்டோஸ் ரீசெட்டில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதோடு டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். வெறும் குவிக் ஃபார்மேட் போட்டுக் கொடுத்தால் கடைக் கணக்கு முழுவதையும் ஒரு இலவச மென்பொருளால் மீட்டுவிடலாம்.